31 இரவுகளில் எத்தனை இரவுகளுக்கு முன்பதிவு செய்வது?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய ஆர்.வி. வண்டியில் நெடும்பயணம் புறப்படுவது குறித்து இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் அமெரிக்காவில் டாலஸ் நகரில் வசிக்கிறோம். ஜூன் 20 முதல் 31 நாட்கள், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார், எங்கள் எட்டு வயது மகள் ஆகியோருடன் ஐந்து பேராக எங்கள் 28 அடி ஆர்.வி.யில் புறப்படுகிறோம். யூட்டா மாநிலத்து மோவாப் ஊர், யெல்லோஸ்டோன், கிளேசியர் தேசியப் பூங்காக்கள், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகள் வழியாக வீடு திரும்புவதாக எண்ணம். என் கணவர் 31 இரவுகளையும் எக்செல் தாளில் நிரப்பி வைத்திருக்கிறார். எங்கே எத்தனை மணிக்கு மதிய உணவு என்பதுகூட அதில் இருக்கிறது. வண்டியே வீடாக இருக்கும்போது பிடித்த இடத்தில் தங்கிப் போகலாமே என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, டாலஸ்

பதில்: உங்கள் கணவரின் தாளில் ஏறக்குறைய 13 இரவுகள் சரியாக இருக்கும் என்றும், மீதி 18 இரவுகளை அவர் அழித்துவிடலாம் என்றும் நினைக்கிறேன். அந்த 13 இரவுகளைப் பொறுத்தவரை நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போது பிடிக்காவிட்டால் எந்த விலை கொடுத்தாலும் பிறகு கிடைக்காத இரவுகள் அவை.

அவற்றில் முதலில் வருவது யெல்லோஸ்டோன். அந்தப் பூங்காவில் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என்று மூன்று இணைப்புகளும் உள்ள முகாம் தளம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டம் மிகுந்த பகுதி என்பதால் அங்கே துணிக் கூடாரங்களுக்கு அனுமதி இல்லை. கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். உங்கள் கணக்குப்படி அங்கே போய்ச் சேருவது ஜூலை முதல் வாரத்தில். ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம் என்பதால் அந்த வாரத்தில் மேற்கு மாநிலங்கள் முழுவதிலும் முகாம்கள் நிரம்பி வழியும். ஆகவே அந்த நான்கு இரவுகளையும் இன்றே உறுதி செய்யுங்கள். கிளேசியர் பூங்காவில் மூன்று இரவுகள், பிளாக் ஹில்ஸில் இரண்டு, மோவாப்பில் இரண்டு, புறப்பட்டவுடன் வரும் முதல் இரண்டு இரவுகள் ஆகியவற்றையும் சேர்த்தால் 13 ஆகிவிடும். முதல் இரண்டு இரவுகளை ஏன் சேர்க்கிறேன் என்றால், புறப்படும் நாளில் எந்தக் குடும்பமும் நினைத்த நேரத்தில் கிளம்பியதில்லை. களைத்துப் போய், வண்டியும் இன்னும் கைக்குப் பழகாத நிலையில், இருட்டில் இடம் தேடி அலைவது பெரியவர்களுக்கு முதல் நாளிலேயே பயணத்தைக் கசக்கச் செய்துவிடும்.

மோவாப் விஷயத்தில் நீங்கள் என்னுடன் வாதிடலாம். ஊருக்கு வெளியே கொலராடோ ஆற்றை ஒட்டிச் செல்லும் 128-ஆம் எண் சாலையில் முன்பதிவே தேவைப்படாத, முதலில் வருபவருக்கே இடம் தருகிற அரசு முகாம்கள் உண்டு. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஓடுகிற அழகான இடங்கள் அவை. ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது. ஜூன் கடைசியில் மோவாப்பில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் நாள் முழுவதும் நின்ற வண்டியின் கூரை, சூரியன் மறைந்த பிறகும் உள்ளே அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டரை இரவில் ஓட்ட விடமாட்டார்கள். உங்கள் மாமனாரும் மாமியாரும் இல்லாமல் போகும் இன்னொரு பயணத்தில், அக்டோபர் மாதத்தில், அந்த ஆற்றங்கரையில் தாராளமாகத் தங்குங்கள். இம்முறை ஏ.சி. ஓடக்கூடிய இடமே வேண்டும்.

கிளேசியரில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அந்தப் பூங்காவின் உயிரான ‘கோயிங் டு தி சன்’ மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் போகக்கூடாது. உங்களுடையது 28 அடி. சாலை பனி நீக்கி முழுமையாகத் திறக்கப்படும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூன் பிற்பகுதியிலும் திறக்கலாம், ஜூலை நடுப்பகுதி வரை தள்ளியும் போகலாம். ஆகவே பூங்காவை ஜூலை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொண்டு, வண்டியை முகாமில் நிறுத்திவிட்டு, 1930-களில் செய்யப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பு நிறத் திறந்த பேருந்துகளில் இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் மாமனார் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார்; உங்கள் கணவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஒரு நாளாவது மலையைப் பார்ப்பார்.

உங்கள் கணவரின் தாளில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது முன்பதிவுகளைவிட மைல் கணக்குதான். நீங்கள் சொல்லும் வழி சுற்றுலாக் கிளைச் சாலைகள் இல்லாமலே சுமார் 3,700 மைல் வரும். ஆர்.வி. ஓட்டுபவர்களிடையே ‘மூன்று-மூன்று-மூன்று’ என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடு, சேர்ந்த இடத்தில் 3 இரவு தங்கு. பெரியவர்களும் குழந்தையும் இருப்பதால் உங்களுக்கு 250 மைலே போதும். அப்படிப் பார்த்தால் 15 நாட்கள் சாலையிலேயே போய்விடும். கைபேசி வரைபடம் ஐந்து மணி நேரம் என்று சொல்லுமானால், உங்கள் வண்டிக்கு ஆறரை மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வண்டி திணறும், காற்று பக்கவாட்டில் தள்ளும், பெட்ரோல் போட ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆகும், மாமியாருக்கு நடுவில் காலை நீட்ட வேண்டும்.

இதை நான் அனுபவித்து எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பதிவு செய்த இடம் வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக ஒரே நாளில் 390 மைல் ஓட்டி, இருட்டிய பிறகு ஒரு முகாமுக்குள் நுழைந்தேன். என் மனைவி டார்ச் விளக்குடன் பின்னால் நின்று வழி காட்டினாள். இத்தகைய வண்டிகளில் பின் சக்கரத்துக்கு அப்பாலும் பல அடி உடல் நீண்டிருப்பதால், முன்பக்கத்தை வலப்புறம் திருப்பினால் பின்பக்கம் இடப்புறம் வெளியே வீசும். எனக்கு அது தெரியும்; ஆனால் களைத்த கை அதை மறந்துவிட்டது. முகாம் இடத்தின் எண் எழுதியிருந்த மரக்கம்பம் முறிகிற சத்தமும், உள்ளே அலமாரி திறந்து துவரம்பருப்பு டப்பா உருண்டு கொட்டுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பின்பக்க ஏணி வளைந்துவிட்டது. அதைவிட, அந்த இடத்தின் ரத்துக் கட்டணம் வெறும் 10 டாலர்தான் என்பதும், இரண்டு நாளுக்கு முன்பே ரத்து செய்திருந்தால் மீதிப் பணம் திரும்பி வந்திருக்கும் என்பதும்தான் இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கின்றன. மத்திய அரசின் முகாம்களை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்பவர்கள் இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முதல் இரவின் கட்டணம் போகும். சொல்லாமலே வராமல் இருந்துவிட்டால் அதற்கு மேலும் 20 டாலர் பிடிப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் அளவு வண்டிகளில் பெரும்பாலும் 40 கேலன் நல்ல தண்ணீரும், 30 கேலன் அளவில் கழிப்பறைத் தொட்டியும் இருக்கும். ஐந்து பேர் குளித்து, சோறு வடித்து, பாத்திரம் கழுவினால் நல்ல தண்ணீர் இரண்டு நாள் வருவதே பெரிது. கழிப்பறைத் தொட்டி மூன்று அல்லது நான்கு நாட்களில் நிறையும். எக்செல் தாளில் மதிய உணவு நேரத்தை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ‘தொட்டி காலி செய்யும் நாள்’ என்று எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நாள் தங்க முடியும் என்பதை உங்கள் ஆசையைவிட இந்தத் தொட்டிகள்தான் அதிகம் தீர்மானிக்கும்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மீதியுள்ள 18 இரவுகளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவு செய்யாத நாள் என்றால் வீணான நாள் என்று திட்டக்காரர்களுக்குத் தோன்றும். புதிதாக ஒரு ஊரின் பெயர் காதில் விழுந்தாலே அதை அந்த இடைவெளியில் செருகிவிடுவார்கள். ஐடஹோ மாநிலத்தில் ஸ்டான்லி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பல் பல்லாக நிற்கும் மலைத்தொடருக்குக் கீழே, சால்மன் ஆற்றின் கரையில் ஒரு வனத்துறை முகாமில் ஓர் இரவு தங்கிப் போவதாக நுழைந்த நாங்கள் நான்கு இரவுகள் தங்கினோம். ஆகஸ்டு மாதம்தான், ஆனால் முதல் நாள் காலையில், படிக்கட்டில் மறந்து வைத்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்த என் மாமியார், அதன் தண்ணீர் மேல் பாலாடை போல மெல்லிய பனிக்கட்டி ஏடு படிந்திருப்பதைப் பார்த்து, விரலால் அதை அழுத்தி உடைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இன்னும் ஒரு நாள் இருக்கலாமா மாப்பிள்ளை?” என்று அவர் கேட்டபோது, இருக்கலாம் என்று என்னால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அடுத்த நான்கு நாட்களுக்கு நான் எங்கும் பதிவு செய்திருக்கவில்லை என்பதுதான். உங்கள் மாமியார் அப்படிக் கேட்கும் நாளில் நீங்களும் இருக்கலாம் என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இடைவெளி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் யெல்லோஸ்டோனில் வெள்ளம் வந்து சாலைகளை அரித்துக்கொண்டு போனபோது, பூங்காவின் எல்லா வாயில்களையும் மூடி, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். கோடையின் பிற்பகுதியில் மொன்டானா, ஐடஹோ பகுதிகளில் காட்டுத்தீப் புகை மலைகளை மறைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு இரவும் பூட்டப்பட்ட பயணத்தில் ஒரு பூட்டு உடைந்தால் பின்னால் வரும் அத்தனையும் சரியும். நடுநடுவே வெறும் நாட்கள் இருந்தால் அந்த அடியை அவை தாங்கிக்கொள்ளும்.

பதிவில்லாத இரவுகளுக்கும் ஓர் ஒழுங்கு தேவை. ஞாயிறு முதல் வியாழன் வரையுள்ள நாட்களை அவற்றுக்கு வைத்து, வெள்ளி, சனிக்கிழமைகளை உறுதி செய்த இடங்களில் கழியுங்கள். முதலில் வருபவருக்கே இடம் என்ற முகாம்களுக்கு, இரவு தங்கியவர்கள் கிளம்பும் நேரமான காலை பத்து, பதினொரு மணிவாக்கில் போய்ச் சேருங்கள். பகல் இரண்டு மணிக்குள் அன்றிரவு எங்கே என்று முடிவாகாவிட்டால், யோசிக்காமல் அருகிலுள்ள தனியார் முகாமுக்குத் தொலைபேசியில் பேசி இடம் பிடித்துவிடுங்கள். இந்த இரண்டு மணி விதியை மட்டும் உங்கள் கணவர் வசம் ஒப்படைக்கலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோருக்கு 70 வயது. தேசியப் பூங்காக்களில் முதியோர் அட்டை வாங்கினால் முகாம் கட்டணம் பாதியாகும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், சியாட்டில்

பதில்: அந்த அட்டை 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அதை வாங்க முடியாது. மேலும் 2026 தொடக்கத்திலிருந்து யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம் விதித்திருக்கிறார்கள். எந்தெந்தப் பூங்காக்கள் என்று பட்டியலைப் பார்த்த பிறகு வழியை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லாஸ் வேகஸில் ஆர்.வி. வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றப் போகிறோம். இதுவே முதல் முறை. ஒன்றுமே திட்டமிடாமல் சாலை போகிற போக்கில் போக வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் கனவு. ஆகஸ்டில் போகிறோம்.
— ஒரு தம்பதி, நியூ ஜெர்சி

பதில்: கனவைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் பத்து நாள் வாடகைப் பயணம் அதற்கு ஏற்றதன்று என்று நினைக்கிறேன். சாலை போகிற போக்கில் போவதற்கு நாட்கள் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு வண்டியை வாங்கிக்கொள்ளும் முதல் நாளில் பாதியும், திருப்பிக் கொடுக்கும் கடைசி நாள் முழுவதும் போய்விடும். திருப்பும் முன் தொட்டிகளைக் காலி செய்து, பெட்ரோலும் சமையல் வாயுவும் நிரப்ப வேண்டியிருக்கும். அதனால் கடைசி இரவை லாஸ் வேகஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இப்போதே பதிவு செய்யுங்கள். பல ஒப்பந்தங்களில் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு; மனம் போனபடி திரும்பும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பில்லில் ஒரு வரி சேரும்.

கோடை மாதங்களில் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்குள் (டெத் வேலி) வண்டியை ஓட்டக்கூடாது என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கின்றன. ஆகஸ்டு அதில் அடங்கும். மீறிப் போய் அங்கே வண்டி நின்றுவிட்டால் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவிலிருந்து கிழக்கே செல்லும் சுரங்கப்பாதை 1930-இல் திறக்கப்பட்டது. ஒரு மைலுக்குச் சற்று அதிக நீளம். அக்காலக் கார்களின் அளவுக்குக் குடைந்த வளைவுக்கூரை என்பதால், உயரமான வண்டி தன் தடத்துக்குள் நின்று போக முடியாது. பெரிய வண்டிகளுக்கு அங்கே விதிகள் இறுகி வருவதால், பூங்காவின் அறிவிப்பைப் படித்துவிட்டே வழியை வரையுங்கள். வண்டியை வாங்கியவுடன் அதன் உயரத்தை அடி, அங்குலத்தில் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். பாலத்தின் முன்னால் நின்றுகொண்டு அதைத் தேட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் திட்டமில்லாத இரண்டு நாட்கள் வேண்டுமென்றால், பயணத்தின் நடுவில், யூட்டாவின் தென்பகுதி உயர்நிலங்களில் வையுங்கள். அங்கே ஆகஸ்டிலும் இரவு குளிர்ந்துவிடும். மின் இணைப்பு இல்லாமல் வனத்துறை நிலத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். குளிர்காலம் முழுவதும் அரிசோனாவில் எந்த முன்பதிவும் இல்லாமல் ஆர்.வி.யில் கழிக்க முடியுமா?
— ஒரு வாசகர், மினியாபொலிஸ்

பதில்: முடியும், திட்டமே இல்லாமல் வாழ இதைவிட ஏற்ற வழி இல்லை. அமெரிக்க மேற்கில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்கள் பரந்து கிடக்கின்றன. பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம்; பிறகு இடம் மாற வேண்டும். குவார்ட்சைட் என்ற பாலைவன ஊரைச் சுற்றி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்குவதற்கென்றே அனுமதிச் சீட்டு தரும் நிலங்களும் உண்டு. அங்கே 14 நாள் வரம்பு இல்லை. சனவரியில் ஆயிரக்கணக்கான வண்டிகள் அங்கே சேர்ந்துவிடும் என்பதால் தண்ணீர், கழிவு வசதிகளுக்குக் காத்திருக்க நேரும்.

நீங்கள் திட்டமிட வேண்டியவை உடம்பு சம்பந்தப்பட்டவை. மருந்துகள் எந்த ஊர்க் கடைக்கு வர வேண்டும், கடிதங்கள் எந்த முகவரிக்கு, நெஞ்சுவலி என்றால் எந்த மருத்துவமனை எத்தனை மைலில் என்பவற்றை ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்திய அன்றே எழுதி வையுங்கள். அந்தத் தாள் இருக்கும்வரை மற்றதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

கேள்வி: மெல்பனிலிருந்து பெர்த் வரை நல்லார்பார் சமவெளி வழியாகக் கேரவனில் போகிறோம். வழியெங்கும் வெறும் நிலம்தான், எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், திட்டம் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள்.
— ஒரு வாசகி, மெல்பன்

பதில்: தங்குமிடத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. சமவெளியைக் கடக்கும் சாலை, செடூனா என்ற ஊரிலிருந்து நோர்ஸ்மன் என்ற ஊர் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சாலையோர ஓய்விடங்கள் நிறைய உண்டு, பெரும்பாலும் முன்பதிவு தேவைப்படாது. அங்கே கணக்குப் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று பெட்ரோல்: சாலையோரக் கடைகள் சில இடங்களில் 150 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளியில் இருப்பதால், பாதித் தொட்டி குறைந்தவுடன் விலையைப் பார்க்காமல் நிரப்புங்கள். இரண்டாவது மாலை நேரம்: சூரியன் சாயும்போது கங்காருக்கள் சாலைக்கு வரும், கேரவன் இழுக்கும் வண்டியைச் சட்டென்று நிறுத்த முடியாது, ஆகவே நாலு மணிக்கே ஓய்விடத்தில் ஒதுங்கிவிடுங்கள்.

மூன்றாவது உங்கள் சமையலறை. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பார்டர் வில்லேஜ் என்ற இடத்தில் வேளாண் சோதனைச் சாவடி இருக்கிறது. பழங்கள், காய்கறிகள், தேன் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு விடுவார்கள். கேரவனின் குளிர்ப்பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள். திரும்பி வரும்போது தெற்கு ஆஸ்திரேலியாவுக்கான சோதனை செடூனாவில் நடக்கும். ஆகவே மெல்பனில் ஒரு வாரத்துக்கான வெண்டைக்காயும் தக்காளியும் வாங்கி அடுக்காமல், பருப்பு, அரிசி, பொடி வகைகளை மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் காய்கறியை எல்லைக்கு முந்தின இரவில் ஒரே சாம்பாராக வைத்து முடித்துவிட்டால், சாவடியில் காட்ட வேண்டியது அஞ்சறைப்பெட்டி மட்டும்தான்.